“375 ரூபாய்க்காக நட்பைக் கெடுத்துக்கணுமா?” தோழிகளிடம் சந்தாப் பங்கு கேட்கத் தயங்கும் வாசகி

அன்புள்ள மேடத்துக்கு,

எனக்கு வயது 28. ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை. சோழிங்கநல்லூரில் தோழிகள் நாலு பேர் சேர்ந்து வீடு எடுத்தோம். இப்போது மூணு பேர் இருக்கிறோம். வாடகை, கரண்ட் பில், தண்ணி கேன் எதிலும் இதுவரை சண்டை வந்ததில்லை. பிரச்சினை எல்லாம் ஆன்லைன் சந்தாக்களில்தான்.

எல்லாமே என் பெயரில், என் கார்டில் ஓடுகின்றன. யூடியூப் பிரீமியம் ஃபேமிலி மாதம் 299 ரூபாய், நெட்ஃபிளிக்ஸ் பிரீமியம் மாதம் 649. கூகுள் ஒன் 2 டிபி வருடத்துக்கு 6,500, அமேசான் பிரைம் வருடத்துக்கு 1,499. 2023-ல் ஆரம்பித்தபோது யூடியூப் 189 ரூபாய்தான். அப்போது எல்லாவற்றையும் மாதக் கணக்காக்கி, கூட்டி, நாலால் வகுத்து, ஆளுக்கு 375 என்று பேசிக்கொண்டோம். 2024 ஆகஸ்ட்டில் யூடியூப் 299 ஆனது. கூடுதலான 110 ரூபாயை அன்றிலிருந்து நான்தான் கட்டுகிறேன். 375 அப்படியே நிற்கிறது.

ஒரு தோழி வேலை மாறி பெங்களூரு போய் 8 மாதம் ஆகிறது. போனதிலிருந்து பணம் அனுப்பவில்லை. அங்கே டிவியில் நெட்ஃபிளிக்ஸ் திறக்கவில்லை என்று ஒருமுறை மெசேஜ் போட்டாள், அவ்வளவுதான். ஆனால் யூடியூப் ஓடுகிறது, கூகுளில் 180 ஜிபி வைத்திருக்கிறாள். இரண்டாவது தோழி 4 மாதமாகத் தரவில்லை. கேட்டால், “போன வாரம் பிரியாணி நான்தானே வாங்கினேன், அதுல கழிச்சுக்கோடி” என்கிறாள். அவளுக்கு நிச்சயம் ஆகியிருக்கிறது. கோவையில் இருக்கும் மாப்பிள்ளையையும் யூடியூப் குரூப்பில் சேர்த்துவிட்டாள். மூன்றாமவள், “நான் போன்ல மட்டும்தான் பாக்கறேன், எனக்கு எதுக்கு 375?” என்று 10 மாதமாக 200 மட்டும் தருகிறாள். யூடியூப்பில் மீதமிருந்த ஆறாவது இடத்தில் திருநெல்வேலியில் கல்லூரி படிக்கும் என் தம்பி இருக்கிறான். கூகுளில் என்னுடையது 420 ஜிபி, இரண்டாவது தோழிக்கு 60, மூன்றாமவளுக்கு 35. பிரைம் பெரும்பாலும் நான் பொருள் வாங்கத்தான், எப்போதாவது அவர்களும் என் அக்கவுன்ட்டில் ஆர்டர் போடுவார்கள்.

என் கணக்குப்படி பாக்கி 3,000 + 1,500 + 1,750, மொத்தம் 6,250 ரூபாய். வாட்ஸ்அப்பில் கேட்டு டைப் செய்வேன், பிறகு அழித்துவிடுவேன். மூன்று பேரும் என்னளவுக்குச் சம்பாதிப்பவர்கள்தான். டிவியில் அவர்கள் சிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு எரிச்சலாக வருகிறது, எழுந்து ரூமுக்குப் போய்விடுகிறேன். போன வாரம் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு “என்னன்னு தெரியலையே” என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். நான் கஞ்சமா? இதில் நியாயமான பங்கு எது? எப்படிக் கேட்பது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

அன்புள்ள வாசகிக்கு,

கஞ்சம் இல்லை. கேட்கவும் இல்லை, விடவும் இல்லை என்ற நிலையில் இருக்கிறீர்கள். கேட்டிருந்தால் பணம் வந்திருக்கும், இல்லை ஒரு சண்டை வந்து முடிந்திருக்கும். போகட்டும் என்று விட்டிருந்தால் மனசு அதை மறந்திருக்கும். இரண்டும் செய்யாமல் மாதாமாதம் உள்ளுக்குள் கூட்டிக்கொண்டே போனதால்தான், உங்கள் வீட்டு டிவியில் உங்களாலேயே உட்கார்ந்து படம் பார்க்க முடியவில்லை.

எப்படிக் கேட்பது என்பதற்கு முன்னால் அந்த 6,250-ஐப் பார்க்க வேண்டும். உங்கள் கோபத்தில் பாதி அந்த எண்ணின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்த எண் தப்பு.

சந்தாக்களைக் கூட்டி நாலால் வகுத்தது 2023-ல் வசதியாக இருந்திருக்கும். ஆனால் இவை எல்லாம் ஒரே மாதிரிச் செலவு அல்ல. யூடியூப்பும் நெட்ஃபிளிக்ஸும் பார்த்தால் தீர்ந்துபோகிறவை அல்ல. நீங்கள் 3 மணி நேரம் பார்த்தால் இன்னொருத்திக்குக் குறையப்போவதில்லை. அங்கே கணக்கு எத்தனை இடம், யாருக்கு என்பதுதான். யார் எத்தனை மணி நேரம் பார்த்தார்கள் என்று இறங்கினால் வீடு வீடாக இருக்காது. கூகுள் ஒன் அப்படி இல்லை. ஒருத்தி நிரப்பிய ஜிபி இன்னொருத்திக்குக் கிடைக்காது, அதனால் அங்கே பயன்பாட்டைத்தான் பார்க்க வேண்டும். பிரைம் உங்கள் ஷாப்பிங் அக்கவுன்ட். சேமித்த கார்டு, வீட்டு முகவரி, ஆர்டர் விவரம் எல்லாம் உள்ளே இருக்கின்றன. அந்த லாகினைப் பகிரவே வேண்டாம். பங்குக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, மாதம் 125 ரூபாய் என்று உங்கள் சொந்தச் செலவில் வையுங்கள்.

மற்ற மூன்றுக்கும் ஒரே கேள்வி போதும்: இவள் தனியாக எடுத்தால் இவளுக்கு எவ்வளவு ஆகும்? எல்லாருடைய தனி விலையையும் கூட்டுங்கள். உண்மையான பில் அந்தக் கூட்டுத்தொகையில் எத்தனை சதவீதமோ, அதே சதவீதத்தை ஒவ்வொருத்தியின் தனி விலைக்கும் போடுங்கள். அதுதான் அவள் பங்கு. யாரும் தனியாக வாங்குவதைவிட அதிகம் கொடுக்கமாட்டார்கள், லாபம் எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் போகும். பில் அந்தக் கூட்டுத்தொகையைவிட அதிகமாக வந்தால், அந்தத் திட்டத்தைப் பகிர்வதே வீண் என்று அர்த்தம்.

நெட்ஃபிளிக்ஸில் போட்டுப் பார்க்கலாம். மொபைலில் மட்டும் பார்க்கும் திட்டம் 149 ரூபாய். டிவியிலும் பார்க்கக்கூடிய, ஒரே திரைக்கான பேசிக் 199. இரண்டு திரைக்கு ஸ்டாண்டர்டு 499, நாலு திரைக்கு பிரீமியம் 649. நாலு பேரும் வீட்டில் இருந்தபோது தனி விலைகள் 199, 199, 199, 149, கூட்டினால் 746. பில் 649, அதாவது சுமார் 87 சதவீதம். டிவி பார்க்கும் மூவருக்கும் ஆளுக்கு 173, போனில் பார்ப்பவளுக்கு 130 என்று சரியாக 649 வருகிறது. சமமாகப் பிரித்தபோது அவளிடம் 162 ரூபாய் கேட்டிருக்கிறீர்கள். அவள் தனியாகவே 149-க்கு வாங்கிக்கொள்ளலாம். அவள் முணுமுணுத்ததில் நியாயம் இருந்தது, அதைக் கணக்காகச் சொல்லத்தான் அவளுக்கு வரவில்லை.

பெங்களூரு தோழி போன பிறகு? 199, 199, 149 கூட்டினால் 547. நீங்கள் இன்னும் 649 கட்டுகிறீர்கள். ஆளுக்கொன்றாகத் தனித்தனியே எடுத்திருந்தாலே 102 ரூபாய் மிச்சம். இன்றே ஸ்டாண்டர்டுக்கு இறக்குங்கள். மூன்று பேர் ஒரே நேரத்தில் மூன்று திரையில் பார்ப்பது அபூர்வம் என்றால் 499 தாராளமாகப் போதும். பங்கு 182, 181, 136.

யூடியூப் சுலபம். தனி ஆள் திட்டம் 149, ஃபேமிலி 299. இரண்டு பேர் மட்டும் பகிர்ந்தால் ஆளுக்கு 149 ரூபாய் 50 காசு, தனியாக எடுப்பதைவிட 50 காசு அதிகம். மூன்று பேராக இருந்தால்தான் லாபம் தொடங்குகிறது, அப்போது ஆளுக்கு 100. உங்கள் குரூப்பில் ஆறு இடமும் நிரம்பியிருக்கிறது, இடத்துக்குக் கிட்டத்தட்ட 50 ரூபாய். ஆனால் நீங்கள் நாலால் வகுத்தீர்கள். உங்கள் தம்பியின் இடத்துக்கு மூன்று தோழிகளும் சேர்ந்து பணம் தர வேண்டும் என்று உங்கள் கணக்கு சொல்கிறது. மாப்பிள்ளையைச் சேர்த்தது கண்ணில் பட்ட அளவுக்குத் தம்பி கண்ணில் படவில்லை. நீங்களும் இரண்டாவது தோழியும் ஆளுக்கு இரண்டு இடத்துக்குக் கொடுக்க வேண்டியவர்கள்.

கூகுளில் இது இன்னும் அதிகம். வருடம் 6,500 என்றால் மாதம் 542. உங்கள் 420 ஜிபிக்குத் தனியாக எடுத்தாலும் 2 டிபி திட்டம்தான் தேவை, மாதம் 650. பெங்களூரு தோழியின் 180-க்கு 200 ஜிபி திட்டம், 210 ரூபாய். மற்ற இருவருக்கும் 100 ஜிபி திட்டம், ஆளுக்கு 130. மொத்தம் 1,120, பில் 542. ஆக உங்கள் பங்கு 314, அவளுக்கு 102, மற்ற இருவருக்கும் 63, 63. இதுவரை நாலு பேரும் ஆளுக்கு 135 என்று வைத்திருக்கிறீர்கள். 35 ஜிபி வைத்திருப்பவள் உங்கள் போட்டோக்களுக்கு வாடகை கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

இதை உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நாம் போடுவது நமக்குத் துல்லியமாக நினைவிருக்கும், மற்றவர் போடுவது மங்கலாகத்தான் தெரியும். மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற இருவர் 1979-ல் வெளியிட்ட ஆய்வில், கணவன் மனைவி இருவரிடமும் வீட்டுப் பொறுப்புகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டார்கள். இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலான ஜோடிகளில் நூறைத் தாண்டியது. யாரும் பொய் சொல்லவில்லை. உங்கள் வீட்டிலும் அதுதான் நடக்கிறது, பிரியாணித் தோழி உட்பட.

இப்போது பழைய பாக்கியைத் திருப்பிப் போடுவோம். பெங்களூரு தோழியால் 8 மாதமாக நெட்ஃபிளிக்ஸ் பார்க்க முடியவில்லை. அவளுக்கு யூடியூப் 49, கூகுள் 102, மாதம் 151. எட்டு மாதத்துக்கு 1,208 ரூபாய், 3,000 இல்லை. இரண்டாவது தோழிக்கு யூடியூப் இரண்டு இடம் 100, நெட்ஃபிளிக்ஸ் 182, கூகுள் 63, ஆக 345. நாலு மாதத்துக்கு 1,380. மூன்றாமவளுக்கு 50, 136, 63, ஆக 249. அவள் 200 தருகிறாள், மாதம் 49 குறைகிறது, 10 மாதத்துக்கு 490. அவளிடம்தான் 1,750 பாக்கி என்று எழுதியிருக்கிறீர்கள்! நெட்ஃபிளிக்ஸை இங்கே 499 என்றே எடுத்துக்கொண்டேன். 649-ல் ஓடவிட்டதை யாரும் கவனிக்கவில்லை, அந்த வித்தியாசத்தை அவர்கள் தலையில் கட்ட முடியாது. மொத்தப் பாக்கி 3,078. நீங்கள் மனசில் சுமந்துகொண்டிருந்ததில் பாதிகூட இல்லை.

உங்களுக்கு நிஜமாகவே ஒரு குறை உண்டு, ஆனால் அது வேறு இடத்தில் இருக்கிறது. நாலு சந்தாவும் உங்கள் கார்டில். பணம் கழியும் தேதியை நினைவில் வைப்பது, விலை ஏறினால் தாங்குவது, யாராவது தராவிட்டால் கைக்காசு போடுவது எல்லாம் நீங்கள். இந்த வேலைக்கு யாரும் விலை போடவில்லை, நன்றியும் சொல்லவில்லை. பதிவுபெற்ற சீட்டில் சீட்டு நடத்துபவருக்குக் கமிஷன் உண்டு. 2019-ல் சட்டத்தைத் திருத்தி அதன் உச்சவரம்பை 5 சதவீதத்திலிருந்து 7 ஆக்கினார்கள். வசூல் செய்வதும், வராத பணத்துக்குப் பொறுப்பேற்பதும் வேலைதான் என்பது சீட்டுப் போடுகிற எல்லாருக்கும் தெரியும். தோழிகளிடம் கமிஷன் வாங்கச் சொல்லவில்லை, வாங்கினால் நன்றாகவும் இருக்காது. அந்தச் சுமையில் பாதியைக் கைமாற்றிவிடுங்கள்.

எதை மாற்றுவது என்பதில் கவனம் வேண்டும். யூடியூப் ஃபேமிலி, கூகுள் ஒன் இரண்டும் ஒரே கூகுள் ஃபேமிலி குரூப்பில் இயங்குகின்றன. ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு குரூப்பில்தான் இருக்கலாம், வேறு குரூப்புக்கு மாறுவது 12 மாதத்துக்கு ஒருமுறைதான். அதனால் குரூப்பைக் கலைத்து வேறொருத்தி பெயரில் தொடங்குவது தலைவலி. அது உங்களிடமே இருக்கட்டும். நெட்ஃபிளிக்ஸில் அந்தச் சிக்கல் இல்லை. பேமென்ட் மெத்தடில் பிரியாணித் தோழியின் கார்டையோ யூபிஐ ஆட்டோபேயையோ போட்டால் போதும்.

அப்படிப் போட்டால் கணக்கு எப்படி மாறுகிறது பாருங்கள். இனி வீட்டில் இருக்கும் மூவர் மட்டும் என்று வைத்துக்கொள்வோம் (ஏன் என்று கீழே சொல்கிறேன்). யூடியூப் உங்களுக்கு 99, மற்ற இருவருக்கும் 100. கூகுளில் பெங்களூரு பங்கு போனதும் உங்களுக்கு 388, மற்றவர்களுக்கு 77, 77. பிரியாணித் தோழி உங்களுக்குத் தர வேண்டியது 177. நெட்ஃபிளிக்ஸுக்காக நீங்கள் அவளுக்குத் தர வேண்டியது 181. உங்கள் இருவருக்கும் நடுவில் மாதம் 4 ரூபாய்தான் நிற்கிறது, அதுவும் நீங்கள் தர வேண்டியது. அவளிடம் கேட்கும் வேலையே போய்விட்டது! மூன்றாமவள் மட்டும் உங்களுக்கு 177, பிரியாணித் தோழிக்கு 136 தருவாள், மொத்தம் 313. தனியாக எடுத்தால் அவளுக்கு 428 ஆகும், ஆகவே அவளுக்கும் நஷ்டமில்லை.

“ஆளுக்கு ஒரு சந்தா எடுத்துக்கலாம், கணக்கே வேண்டாம்” என்று யாராவது சொல்வார்கள். கேட்க அழகாக இருக்கும். பிரைம் எடுப்பவள் வருடம் 1,499-ல் முடித்துக்கொள்வாள், பழைய நெட்ஃபிளிக்ஸ் திட்டம் எடுப்பவள் 7,788 கட்டுவாள். ஆறு மாதத்தில் அதே முணுமுணுப்பு வேறொருத்தி வாயிலிருந்து வரும். வித்தியாசத்தை வருடத்துக்கு ஒருமுறை நேர் செய்ய ஒப்புக்கொண்டால் மட்டும் அந்த வழி சரி.

ஏன் மூவர் மட்டும்? யூடியூப் ஃபேமிலி திட்டத்தில் இருப்பவர்கள் அதை நடத்துபவரின் முகவரியிலேயே வசிக்க வேண்டும் என்பது விதி, 30 நாளுக்கு ஒருமுறை சரிபார்க்கவும் செய்கிறார்கள். நெட்ஃபிளிக்ஸும் ஒரு வீட்டுக்கு ஒரு அக்கவுன்ட் என்பதை 2023 ஜூலையிலிருந்து இந்தியாவில் அமலாக்குகிறது. பெங்களூரு தோழி, கோவை மாப்பிள்ளை, திருநெல்வேலித் தம்பி மூவருமே வெளியே போக வேண்டியவர்கள். உங்கள் தம்பியிலிருந்து தொடங்குங்கள். அவன் கல்லூரி மாணவன், 89 ரூபாய் ஸ்டூடன்ட் திட்டம் அவனுக்குக் கிடைக்கலாம். முதலில் தம்பியை எடுத்துவிட்டுப் பேசினால் மாப்பிள்ளையைப் பற்றிப் பேசுவது எளிது. வரிசை மாறினால் அவள் கல்யாணப் பேச்சில் நீங்கள் குறுக்கிடுவது போல ஆகிவிடும்.

இனி, கேட்பது. டைப் செய்து அழித்தவுடன் ஒரு நிம்மதி வருகிறதல்லவா? அந்த நிம்மதிதான் அடுத்த முறையும் உங்களை அழிக்க வைக்கிறது. தவிர்க்கத் தவிர்க்க, கேட்பது பெரிய காரியம் என்ற எண்ணம் இறுகிக்கொண்டே போகும். இன்னொன்றும் உண்டு. உதவி கேட்டால் எத்தனை பேர் சரி என்பார்கள் என்று முன்கூட்டிக் கணிக்கச் சொன்னால், மக்கள் மிகக் குறைவாகவே கணிக்கிறார்கள். ஃபிரான்சிஸ் ஃபிளின், வனெசா லேக் இருவரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. கேட்பவர் மறுப்பதன் சுலபத்தையே நினைக்கிறார், முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வது எதிராளிக்கு எவ்வளவு கூச்சம் என்பதை மறந்துவிடுகிறார். நேரே, தொகையோடு கேளுங்கள். “உனக்கு எப்ப முடியுதோ அப்ப” என்று சேர்க்காதீர்கள். அந்த ஒரு வரிதான் 8 மாதமாக நீளும்.

புதிய கணக்கைப் பொதுவாகப் பேசுங்கள், பழைய பாக்கியைத் தனித்தனியாகப் பேசுங்கள். குரூப்பில் ஒருத்தியின் பாக்கியை எழுதுவது அவளை நாலு பேர் முன்னால் நிறுத்துவது. குரூப்பில் இப்படிப் போடலாம்:

“மக்களே, சந்தா கணக்கை ரொம்ப நாள் கழிச்சு உக்காந்து பாத்தேன். 375 தப்பான கணக்கு, நான்தான் நிறைய எடம் யூஸ் பண்றேன். புதுசா போட்டிருக்கேன். என் தம்பியை யூடியூப்ல இருந்து எடுத்துட்டேன், வீட்ல இருக்கறவங்க மட்டும்தான் இனிமே. நெட்ஃபிளிக்ஸ் 649ல இருந்து 499க்கு மாத்தறேன். யார் யாருக்கு எவ்ளோன்னு ஷீட்ல இருக்கு. ஞாயிறு காலைல டீ குடிக்கறப்ப பத்து நிமிஷம் பேசிடலாம், யாருக்காவது ஏதாவது வேணாம்னா அப்ப சொல்லிடுங்க.”

உங்கள் பங்கு கூடியிருப்பதை முதல் வரியிலேயே சொல்வது முக்கியம். அந்த ஷீட்டை மூவரும் திருத்தக்கூடிய மாதிரிப் பகிருங்கள், உங்களிடம் மட்டும் இருக்கும் கணக்கை யாரும் நம்பமாட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல உண்மையிலேயே இடம் கொடுங்கள். மூன்றாமவளுக்கு 35 ஜிபி தேவையே இல்லாமல் இருக்கலாம். 20 ஜிபியை அழித்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபிக்குள் வந்துவிட்டால் அவளுக்கு 77 ரூபாய் மிச்சம். ஒன்றிலிருந்து விலகினால் மற்றதில் தொடரலாம் என்பது தெரிந்தால் பேச்சு இளகும்.

பிரியாணித் தோழியிடம் தனியாக: “பிரியாணி நீ ஆசையா வாங்கிக் குடுத்தது, அதை நான் கணக்குல சேக்க மாட்டேன்டி. அடுத்த வாரம் நான் வாங்கறேன். சந்தா பாக்கி 1,380 இருக்கு, அஞ்சாம் தேதிக்குள்ள போட்டுடு. இனிமே நெட்ஃபிளிக்ஸ் உன் கார்டுல போட்டா நமக்குள்ள கணக்கே இருக்காது.” விருந்தைப் பில்லில் கழிக்க ஒருமுறை ஒப்புக்கொண்டால், பிறகு யார் டீ வாங்கினாலும் அது வரவு வைக்கப்படும். கழித்துக்கொள்ளலாம் என்றால் அதை வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாமவளிடம் அந்த 490-ஐக் கேட்காமல் விடலாம் என்பது என் கருத்து. இரண்டு வருடமாக அவள் உங்கள் கூகுள் செலவைத் தாங்கியிருக்கிறாள். ஆனால் விட்டுவிட்டேன் என்று அவளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் உங்கள் மனசு அதை விடாது.

இனிமேல் பணம் மாதாமாதம் வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முன்கூட்டியே. மூன்றாமவளுக்கு 939 ரூபாய், அதில் 531 உங்களுக்கு, 408 பிரியாணித் தோழிக்கு. கேட்கும் தடவை வருடத்துக்கு பன்னிரண்டிலிருந்து நாலாகக் குறைகிறது. பின்னால் வாங்கும் பணம் கடன், முன்னால் வாங்கும் பணம் சந்தா. கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் மனசில் அது வேறு வேறு. சம்பளம் வந்த கையோடு, ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் வாரம் என்று வையுங்கள். தானாகக் கழியும் சந்தாவுக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் வங்கி அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த மெசேஜை அப்படியே குரூப்பில் ஃபார்வர்டு செய்துவிடுங்கள், விலை ஏறினால் அன்றே எல்லார் கண்ணிலும் படும். யூபிஐயில் ஒருவர் இன்னொருவருக்கு ‘ரிக்வெஸ்ட்’ அனுப்பும் வசதியை 2025 அக்டோபரில் நிறுத்திவிட்டார்கள், அதனால் ஆப் கேட்டுக்கொள்ளும் என்று தள்ளிப்போட முடியாது. மூன்றாமவள், குறித்த நாளில் பணம் தானாகப் போகும்படி தன் வங்கியில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் போட்டுவிட்டால் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

தாமதமானால் 50 ரூபாய் அபராதம் என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைக் காப்பகங்களில், பிள்ளையைக் கூப்பிடத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் போட்டுப் பார்த்தார்கள். தாமதம் அதிகமாகியது, அபராதத்தை எடுத்த பிறகும் குறையவில்லை. யூரி நீஸி, ஆல்டோ ருஸ்டிச்சினி 2000-ல் வெளியிட்ட ஆய்வு அது. குற்ற உணர்ச்சி இருந்த இடத்தில் விலை வந்துவிட்டால், கொடுத்துவிட்டுத் தாமதிக்கலாம் என்று ஆகிவிடும்.

பாஸ்வேர்டை ரகசியமாக மாற்றும் யோசனையையும் விடுங்கள். அது தண்டனை, ஆனால் எதற்கென்று தண்டனை பெறுபவருக்குத் தெரியாது. “தெரியலையே” என்று ஒருமுறை சொல்லிவிட்டால் உண்மையான காரணத்தைப் பிறகு எப்போதுமே சொல்ல முடியாது. பாஸ்வேர்டு மாற்றத்தான் வேண்டும், ஆனால் சொல்லிவிட்டு: எல்லாச் சாதனங்களிலிருந்தும் சைன் அவுட், புதுப் பாஸ்வேர்டு, வீட்டில் இருக்கும் மூவருக்கு மட்டும். ப்ளே ஸ்டோரில் ‘ஃபேமிலி பேமென்ட் மெத்தட்’ இயங்குகிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். இயங்கினால் மற்றவர்கள் வாங்குவதும் உங்கள் கார்டில் விழ வாய்ப்புண்டு.

பெங்களூரு தோழியை நீக்குவதில்தான் அதிக ஜாக்கிரதை வேண்டும். ஃபேமிலி குரூப்பிலிருந்து எடுத்த அந்த நிமிடமே அவளுக்கு மிஞ்சுவது இலவச 15 ஜிபி. 180 ஜிபி வைத்திருப்பவள் வரம்பைத் தாண்டியவள் ஆகிவிடுவாள், அவள் ஜிமெயிலுக்கு வரும் மெயில்கள் வராது, அனுப்பவும் முடியாது. பழைய படங்கள் உடனே அழிந்துவிடாது, ஆனால் ஆபீஸ் மெயிலோ வங்கி மெயிலோ திரும்பிப் போனால் அவளுக்குக் காரணம் புரியவே சில நாள் ஆகும். கோபத்தில் ராத்திரி 11 மணிக்கு ‘ரிமூவ்’ அழுத்தும் வேலை இல்லை இது.

முதலில் மெசேஜ் வேண்டாம், போன் செய்யுங்கள். நலம் விசாரித்து முடித்ததும் விஷயத்துக்கு வந்துவிடுங்கள்: “வீட்டு அட்ரஸ்ல இருக்கறவங்க மட்டும்தான் இருக்கணும்னு ரூல், அதனால உன்னை எடுக்கணும்டி. இன்னும் 30 நாள் டைம் இருக்கு. இதுவரைக்கும் உன் பங்கு 8 மாசத்துக்கு 1,208 ஆகுது, நெட்ஃபிளிக்ஸ் சேக்கலை.” பிறகு வழியைச் சொல்லுங்கள். கூகுளின் ‘டேக்அவுட்’ வசதியில் தன் படங்கள், மெயில்களுக்கு ஒரு பிரதி இறக்கிக்கொள்ளட்டும். குறித்த நாளில் அவளே குரூப்பை விட்டு வெளியே வந்து, அதே மாலை 200 ஜிபி திட்டத்தைத் தன் பெயரில் எடுத்துவிட்டால் மெயில் தடைபடாது. நெட்ஃபிளிக்ஸில் ‘டிரான்ஸ்ஃபர் புரொஃபைல்’ இருக்கிறது, அவள் பார்த்த பட்டியல் அவளுடைய புது அக்கவுன்ட்டுக்குப் போய்விடும்.

அவள் போனை எடுக்காவிட்டால் அதையே மெசேஜாகத் தேதியோடு அனுப்புங்கள், பதினைந்தாம் நாள் ஒருமுறை நினைவூட்டுங்கள், முப்பதாம் நாள் எடுத்துவிடுங்கள். பணம் வருவதையும் நீக்குவதையும் முடிச்சுப் போட வேண்டாம். “பாக்கி குடுத்தாத்தான் டைம் தருவேன்” என்றால் அவள் போட்டோக்களை அடகு பிடித்தது போல் ஆகும். 1,208 வராமலே போகலாம். வராவிட்டால் எத்தனை முறை கேட்பீர்கள் என்று இப்போதே முடிவு செய்யுங்கள். இரண்டு முறை போதும் என்பேன். இரண்டாவது முறைக்குப் பிறகு ஷீட்டில் அந்த வரியை அழித்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி. ஆபீஸில் மற்றவர் வேலையும் உங்கள் மேஜைக்கு வருகிறதா? சொந்தக்காரர்களுக்குக் கொடுத்த கைமாத்தையும் இதேபோல் கேட்க முடியாமல் இருக்கிறீர்களா? ஆம் என்றால் ஒரு மனநல ஆலோசகரை நேரில் பாருங்கள். கேட்கும் பழக்கத்தைச் சின்னத் தொகையில் தொடங்கிப் படிப்படியாகப் பயிற்சி செய்ய முடியும், சில அமர்வுகளில் நல்ல மாற்றம் தெரியும். இல்லை, இந்தச் சந்தா விஷயத்தில் மட்டும்தான் என்றால், ஞாயிற்றுக்கிழமை டீயும் அந்த ஷீட்டும் போதும்.